பேராதனையின் மேடையும் மலையகத்தின் புதிய நாடக எழுத்துருக்களும்

இளம் நாடகக்காரர்களின் புதிய நாடகங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் விழா நடத்தும்போது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சில மாலைகளில் நடந்து முடியும் கலை நிகழ்ச்சியாகவே தெரியும். உண்மையில் அவ்விழாவின் பெரும்பகுதி பார்வையோர் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. நாடகப் பிரதிகளான எழுத்துருக்களைக் கோரி, அவற்றைப் படித்துத் தெரிந்தெடுத்து, எழுதியவருடன் ஒரு நெறியாளரையும் சில நடிகர்களையும் சேர்த்து, உரக்க வாசித்து, எழுதியவர் கேட்டுத் திருத்தி, மறுபடியும் வாசிக்கும் அந்த மாதங்கள்தான் விழாவின் உயிர். மேடையேற்றம் அதன் கடைசிப் படி. இந்த முறை மலையகம் எனப்படும் இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாட்டுக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதையும், அது இங்கு வேரூன்ற எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் விளங்கிக்கொள்வதற்கு, இங்குள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் தமிழ் நாடகத்துக்கும் உள்ள நீண்ட உறவை முதலில் பார்க்க வேண்டும்.

1942இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1952இல் மகாவலி ஆற்றங்கரையிலுள்ள பேராதனைக்கு இடம்பெயர்ந்த நிறுவனம், ஈழத்துத் தமிழ் நாடகத்தின் இரண்டு பெரிய திருப்பங்களோடு நேரடியாகத் தொடர்புடையது. முதலாவது பேச்சுமொழியைப் பற்றியது. தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை, மேடையில் செந்தமிழ் வசனமும் இசை நாடகப் பாட்டும் ஓங்கியிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலேயே நாடகங்களை எழுதினார். 'உடையார் மிடுக்கு' உட்பட நான்கு நாடகங்கள் அடங்கிய அவருடைய 'நானாடகம்' 1940இல் வெளிவந்தது. ஊரில் ஒருவர் இன்னொருவரோடு பேசுவது போலவே மேடையிலும் பேசலாம், அப்படிப் பேசினாலும் அது நாடகமாகவே இருக்கும் என்பதைப் பல்கலைக்கழக மாணவர்கள் நடித்துக் காட்டினார்கள்.

இரண்டாவது திருப்பம் கூத்தைப் பற்றியது. 1956 நவம்பரில் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. தமிழ்க் கூத்து மரபோடு உறவுடைய 'நாடகம' என்ற சிங்கள ஆட்டமரபை, அம்மரபை அறிந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற ஆசிரியரின் துணையோடு பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பயிற்றி, நவீன பார்வையோருக்காக சரச்சந்திர அதை வடிவமைத்திருந்தார். சிங்கள நாடகத்தின் போக்கையே அது மாற்றியது. அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் இதைக் கூர்ந்து கவனித்தார். மட்டக்களப்பிலிருந்து கூத்து ஆசிரியர்களான அண்ணாவிமாரை அழைத்து, விடிய விடிய ஆடப்படும் கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்குமாறு செறிவாக்கி, சுற்றிலும் பார்வையோர் இருக்கும் வட்டக்களரிக்குரிய ஆட்டத்தை முன்புறம் மட்டும் திறந்த மேடைக்குப் பொருத்தி, 1962இல் 'கர்ணன் போர்' நாடகத்தை மேடையேற்றினார். அதைத் தொடர்ந்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியவை வந்தன. 'இராவணேசன்' நாடகத்தில் மாணவராக இருந்து இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறை நாடகக்காரர்களை உருவாக்கினார்.

இவ்வளவும் பெருமைக்குரிய வரலாறு. ஆனால் அதை மலையகத்திலிருந்து படிக்கும் எவருக்கும் ஒரு வெற்றிடம் கண்ணில் படாமல் இராது. மேடைக்கு வந்த பேச்சு யாழ்ப்பாணத்தது. மேடைக்கு வந்த கூத்து முதன்மையாக மட்டக்களப்பினது. பல்கலைக்கழக வளாகத்திலிருந்து சில மைல் தொலைவில் தொடங்கும் தேயிலைத் தோட்டங்களில் பேசப்பட்ட தமிழுக்கும், அங்கு ஆண்டுதோறும் ஆடப்பட்ட காமன் கூத்துக்கும், அருச்சுனன் தபசுக்கும், பொன்னர் சங்கருக்கும் அதே அளவு நீடித்த, முறையான அரங்க உழைப்பு கிடைக்கவில்லை.

இதை அந்தப் பேராசிரியர்களின் குறையாகக் கொள்வது நியாயமாகாது. அவர்கள் தாம் பிறந்து வளர்ந்த, தம் மாணவர்கள் கொண்டுவந்த மரபுகளோடு உழைத்தார்கள். கேட்க வேண்டிய கேள்வி, அந்த மாணவர்களிடையே மலையகத்தவர் ஏன் இல்லாமற் போனார்கள் என்பதே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் பார்த்து இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசினால் பொறுப்பேற்கப்படும் வரை, ஓர் ஆசிரியரும் ஓர் அறையுமாக, ஆரம்ப வகுப்புகளைத் தாண்டாமல் தோட்ட நிர்வாகத்தின் கையில் கிடந்தன. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த ஒரு பிள்ளை 'கர்ணன் போர்' மேடையேறிய ஆண்டில் பேராதனைக்கு மாணவராக வந்து சேர்வது அரிதிலும் அரிது. எழுத்துருவோடு வரக்கூடியவர் இல்லாத இடத்தில் அவருடைய பேச்சு எப்படி மேடைக்கு வரும்?

இன்று அந்த நிலை மாறியிருக்கிறது. தோட்டப் பகுதிகளிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு வரும் மாணவர் தொகை தேசிய அளவோடு ஒப்பிட இன்னும் குறைவானதே என்றாலும், அவர்கள் பேராதனையிலும், யாழ்ப்பாணத்திலும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் படிக்கிறார்கள். பாடசாலையில் 'நாடகமும் அரங்கியலும்' என்ற பாடத்தைக் கற்று வருபவர்களும் அவர்களில் உண்டு. கல்வியியற் கல்லூரிகளில் பயிற்சி பெற்று, தாம் படித்த தோட்டப் பாடசாலைகளுக்கே ஆசிரியர்களாகத் திரும்பியவர்கள் பிள்ளைகளைக் கொண்டு நாடகம் போடுகிறார்கள். எனவே வளர்ந்துவரும் நாடகக்காரர் என்று இங்கு சொல்லும்போது இருபது வயது மாணவரை மட்டும் நினைப்பது போதாது. பதினைந்து ஆண்டுகளாகப் பாடசாலை மேடைக்கு எழுதிவரும், ஆனால் தன் எழுத்துருவை முறையாகத் திருத்தித் தரும் ஒருவரையும் சந்தித்திராத ஆசிரியரும் அந்தச் சொல்லுக்குள் வர வேண்டும்.

இவர்கள் தொழில் பழகிய இடங்களைப் பார்த்தால், புதிய நாடக விழா எந்தக் குறையை நிரப்ப வேண்டும் என்பது தெளிவாகும். முதலாவது, அகில இலங்கைத் தமிழ்மொழித்தினப் போட்டி. கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறும் இப்போட்டியே மலையகப் பிள்ளைகளில் பலருக்கு வாழ்க்கையின் முதல் மேடை. அதன் பயன் பெரிது. ஆனால் போட்டிக்குரிய நாடகம் குறித்த நிமிடங்களுக்குள் நடுவரைக் கவர வேண்டியிருப்பதால், தொடக்கத்திலேயே உரத்த குரலும் முடிவிலே ஒரு முழக்கமும் அதன் பழக்கமாகிவிட்டன. வலய மட்டத்தில் தோற்ற நாடகம் மறுநாளே இறந்துவிடுகிறது. வென்ற நாடகமும் பரிசோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது, தொண்டு நிறுவனங்களும் அமைப்புகளும் நடத்தும் விழிப்புணர்வு நாடகம். குடிக்கும் தகப்பன், படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளை, வெளிநாடு சென்ற தாய், கடைசியில் அறிவுரை சொல்லும் ஆசிரியர் என்ற வார்ப்பில் அது அமையும். அந்தத் துன்பங்கள் அத்தனையும் உண்மை. இருந்தும், முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட நாடகத்தில் பாத்திரங்களுக்குத் தாமாக எதையும் தீர்மானிக்க இடமில்லை என்பதால், தன் வாழ்வை மேடையில் பார்க்கும் தோட்டத்துப் பெண்மணி அங்கே ஒரு பிரச்சினையின் பெயராக மட்டுமே நிற்கிறார். இது என்னை உண்மையாகவே வருத்தும் விடயம்.

மூன்றாவது இடம் இவற்றைவிட ஆழமானது. மாசி மாத மூன்றாம் பிறையை ஒட்டிக் காமன் பொட்டல் எனப்படும் திறந்த வெளியில் கம்பம் ஊன்றப்பட்டதும், காமன் கூத்து நடக்கும் தோட்டம் முழுவதும் அதன் நாடகக் குழுவாகிவிடுகிறது. இரதியாகவும் மன்மதனாகவும் வேடம் கட்டுபவர்கள் விரதமிருக்கிறார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகுமாறு மன்மதனுக்கு ஆணை வருகிறது, போக வேண்டாம் என்று இரதி தடுக்கிறாள், அவன் போகிறான், எரிகிறான், அவள் புலம்புகிறாள். தப்பு மேளத்தின் அடி மாறும்போதே அடுத்த கட்டம் இன்னது என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இரதிக்கும் மன்மதனுக்கும் இடையிலான அந்தத் தர்க்கத்தை நின்று கேட்டவர்களுக்கு ஒன்று புரியும்: மேலிடத்து உத்தரவுக்காக ஆபத்தான வேலைக்குப் புறப்படும் கணவனும், அவனைப் போகவிடாமல் வழிமறிக்கும் மனைவியும் அந்தத் தோட்டத்தாருக்குப் புராணப் பாத்திரங்கள் மட்டுமல்லர். இரதி பாடும் புலம்பலில் ஒப்பாரியின் இழுவை வரும்போது, தம் வீட்டுச் சாவுகளை நினைத்துப் பெண்கள் அழுவதுண்டு. ஒரு புதிய நாடக ஆசிரியருக்கு வேண்டிய மோதல், தாளம், பாட்டு, கூடவே நிற்கும் பார்வையோர் ஆகிய எல்லாமே இங்கு இருக்கின்றன. எழுத்துருவாக வேலை செய்யும் பொறுமையும் அதற்கான இடமும்தான் சேர வேண்டும்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு காட்சியைக் கொண்டே விளக்கலாம். கற்பனையாக ஓர் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவில், பாட்டி ஒருவர் மேடையின் நடுவே நின்று, 1823இல் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் கொண்டுவரப்பட்டதிலிருந்து பிரசாவுரிமை பறிப்பு, ஒப்பந்தம், 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கான போராட்டம் வரை எல்லாவற்றையும் பார்வையோருக்குச் சொல்கிறார். எழுதியவர் தன் மக்களின் வரலாற்றை எவரும் அறியவில்லை என்ற ஆதங்கத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஆதங்கம் மதிக்கத்தக்கது. ஆனால் வாசிப்பு அரங்கில் நடிகை இதை உரக்க வாசிக்கும்போது, இரண்டாம் பக்கத்திலேயே அறையின் கவனம் கலைவதை எழுதியவரே தன் காதால் கேட்கிறார். அறிவுரை கூறுபவர் பெரிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டி சொல்லும் அநியாயம் இன்றைக்கும் நடக்கும் ஓர் இடத்தைக் காட்டு என்று கேட்டாலே போதும்.

அடுத்த வரைவு, பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தொடங்குகிறது. மழை விட்ட மாலை. தாய் சாக்கைத் தராசில் வைக்கிறாள். கணக்கப்பிள்ளை நிறையைப் பார்த்து, ஈரத்துக்கும் சாக்குக்கும் மூன்று கிலோவைக் கழிக்கிறார், மீதி, முழுப்பேருக்கு, அதாவது முழுநாட் சம்பளத்துக்கு, தோட்டம் வகுத்த நிறைக்குச் சற்றே கீழே இறங்குகிறது, அரைப்பேர் விழுகிறது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் மகள், "எந்தச் சட்டத்துல மூணு கிலோ கழிக்கச் சொல்லியிருக்கு, ஐயா?" என்று கேட்கிறாள். கணக்கப்பிள்ளை பதில் சொல்லவில்லை. தாய்தான் மகளை அடக்குகிறாள்: "பேசாம இரு புள்ள. நாளைக்கும் இந்தத் தராசுக்குத்தான் நான் வரணும்." பாட்டியின் மூன்று பக்க வரலாறும் இந்த ஒரு வரிக்குள் வந்துவிடுகிறது. மகளுக்கும் தாய்க்கும் இடையே யார் சரி என்பதை நாடகம் சொல்லாமல் விடுவதால், பார்வையோர் தாமே நிலைப்பாடு எடுக்க வேண்டியவர்களாகிறார்கள். கணக்கப்பிள்ளைக்கும் ஒரு நெருக்கடி இருக்கலாம். மூன்றாம் வரைவில் அதை எழுதிப் பார்க்கலாம். புதிய நாடக விழாவின் உண்மையான உற்பத்தி இதுதான். மொழியும் இங்கேயே பிறக்கிறது. செந்தமிழ் வசனமோ யாழ்ப்பாணத்து வழக்கோ இந்தத் தாயின் வாயில் நில்லாது. பெரட்டு, நெரை, கவ்வாத்து, கொந்தரப்பு, கைக்காசு என்று நாள்தோறும் புழங்கும் சொற்கள் விளக்கம் இல்லாமலே காட்சியின் செயலால் புரிந்துவிடும்.

பல்கலைக்கழகங்கள் இந்த வேலையை வேறு இடங்களில் எப்படிச் செய்தன என்பதற்குச் சான்றுகள் பல உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோர்ஜ் பியர்ஸ் பேக்கர் நாடகம் எழுதுவதைப் பட்டறை முறையில் கற்பித்தார். பின்னாளில் பெரும் நாடகாசிரியரான யூஜின் ஓ'நீல் 1914இல் அவரிடம் படித்தார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக நாடகத்துறையில் படித்துக்கொண்டிருந்த ஒரு நண்பர் கேட்டதற்காகவே ஹரோல்ட் பின்டர் தன் முதல் நாடகத்தை எழுதினார். 1957இல் அது அங்கேயே மேடையேறியது. ஓ'நீலின் பெயரால் 1964இல் கனெக்டிகட் மாநிலத்தில் நிறுவப்பட்ட நாடக மையம், காட்சியமைப்பும் வேட உடையும் பெரிதாக இல்லாமல், நடிகர்கள் எழுத்துருவைக் கையில் வைத்தபடியே நடித்துக் காட்டும் முறையைப் பரவலாக்கியது. பணம் குறைந்த நம் சூழலுக்கு மிகவும் ஏற்றது இந்த முறை. திரையும் ஒப்பனையும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு எடுப்பதில் கரையும் பணத்தை, எழுதியவரையும் நடிகரையும் இன்னும் இரண்டு வாரம் ஒன்றாக வைத்திருப்பதற்குச் செலவிடலாம்.

மேடையைத் தெரிவதும் முக்கியம். பேராதனையின் திறந்தவெளி அரங்கு, சரச்சந்திரவின் 'சிங்கபாகு' 1961இல் அரங்கேறிய இடம். இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மரங்கள் சூழ்ந்த சரிவில் ஆயிரக்கணக்கானோர் அமரக்கூடிய அந்த அரங்கில், பாட்டும் ஆட்டமும் கொண்ட பெரிய நாடகம் ஓங்கி நிற்கும். தராசின் முன்னால் தாய் தாழ்ந்த குரலில் சொல்லும் வரி அங்கு கரைந்துவிடும். ஆகவே காமன் கூத்தின் ஆட்டமுறையிலிருந்து வளரும் படைப்புகளுக்குத் திறந்தவெளியும், உரையாடல் நாடகங்களுக்கு நூறு பேர் அமரும் விரிவுரை அறையும் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. விழாவில் ஒரே மாலையில் இரண்டு மூன்று நாடகங்கள் இடம்பெறும் என்பதால், விளக்குகளை எல்லா நாடகங்களுக்கும் பொதுவாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு நெறியாளரும் அந்த ஒரே அமைப்புக்குள் தன் ஒளியைத் திட்டமிட வேண்டும். இது கட்டுப்பாடுதான், ஆனால் தோட்டத்துக் கலாசார மண்டபத்தில் நான்கு விளக்குகளோடு நாடகம் போடப் போகிறவருக்கு நல்ல பயிற்சியுமாகும். காலத்தைப் பொறுத்தவரை, கண்டிப் பகுதியில் மழை குறைந்த முதல் மூன்று மாதங்களே திறந்தவெளிக்கு உகந்தவை. அதுவே காமன் கூத்தின் பருவமும் ஆகும் என்பதால், கூத்து வாத்தியார்களைப் பொட்டலிலிருந்து பிரித்து வளாகத்துக்கு அழைப்பதைவிட, விழாவில் பங்குபெறும் மாணவர்கள் அந்த நாட்களில் பொட்டலுக்குப் போய் நின்று பார்ப்பதே முறை.

பெண்களின் பங்கேற்பு தனிக் கவனம் பெற வேண்டும். காமன் கூத்தில் இரதி வேடத்தை மரபாக ஆண்களே கட்டுகிறார்கள். கொழுந்து பறிப்பதில் பெரும்பான்மையோர் பெண்கள். ஆனால் அவர்களைப் பற்றிய நாடகங்களை எழுதுவோரும் நெறியாள்வோரும் பெரும்பாலும் ஆண்கள். இதை மாற்றுவதற்குப் பெண்கள் எழுதலாம் என்று அறிவித்தால் மட்டும் போதாது. ஒத்திகை இரவு பத்து மணிக்கு முடிந்தால், விடுதிக்குத் திரும்ப வேண்டியவரும், ஹட்டன் பக்கத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஆசிரியையும் அதில் இருக்க முடியாது. ஒத்திகை நேரமும் தங்குமிடமும் போக்குவரத்துமே எவர் நாடகக்காரர் ஆகிறார் என்பதை மௌனமாகத் தீர்மானிக்கின்றன.

பேராதனையின் பார்வையோரில் பெரும்பான்மையோர் சிங்கள மாணவர்கள் என்பதையும் மறக்கலாகாது. தோட்ட வாழ்வை வீதியோரத்துப் பச்சைக் காட்சியாக மட்டுமே அறிந்த அவர்களுக்கு இந்த நாடகங்கள் போய்ச் சேர வேண்டும். மேடைக்கு மேலே சிங்களத்தில் வரிகளைத் திரையிடுவது எளிய வழி. பராக்கிரம நிரிஎல்லவும் எச். ஏ. பெரேராவும் தொடங்கிய 'மக்கள் களரி' என்ற நடமாடும் அரங்கக் குழு இன்னும் தூரம் சென்றிருக்கிறது. சிங்கள, தமிழ் இளைஞர்கள் ஒரே குழுவாக வாழ்ந்து, இரு மொழிகளிலும் நடித்து, கூடார அரங்கை ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். இருமொழிப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்படிப்பட்ட ஒரு குழுவை உருவாக்குவது நிச்சயமாக இயலும்.

விழா முடிந்த பிறகு நாடகங்கள் எங்கே போகின்றன என்பதில்தான் இந்த முயற்சியின் பெறுமதியை நான் அளப்பேன். பேராதனைத் தமிழ்ச் சங்கம் நீண்ட காலமாக 'இளங்கதிர்' இதழை வெளியிட்டு வருகிறது; தெரிவான எழுத்துருக்களை அத்தகைய இதழ்களில் முழுமையாக அச்சிட்டால், பதுளையிலோ இரத்தினபுரியிலோ உள்ள ஒரு பாடசாலை அவற்றை எடுத்து நடிக்க முடியும். எழுத்துரு கையெழுத்துப் பிரதியாக ஒருவர் அலுமாரியில் கிடந்தால் அது இரண்டாம் முறை மேடையேறாது. அச்சுக்கு அடுத்தது பயணம். தெரிந்தெடுத்த இரண்டு நாடகங்களாவது தோட்டங்களுக்குப் போக வேண்டும். அதைக் கணக்கில் வைத்தே முதலிலிருந்து அவை தயாராக வேண்டும். கோயில் முன்றலில் போடக்கூடிய காட்சியமைப்பு, ஒரு வேனில் அடங்கும் பொருட்கள், மின்சாரம் போனாலும் தொடரக்கூடிய குரல் ஆகியவை வேண்டும். வேலை முடிந்து, குளித்து, சமைத்துவிட்டுத்தான் பெண்கள் வருவார்கள் என்பதால் நாடகம் ஏழு மணிக்கு முன் தொடங்க முடியாது. மறுநாள் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் வரிசையில், நிற்க வேண்டியவர்கள் என்பதால் ஒன்பது மணிக்குப் பிறகு நீளவும் கூடாது. நாடகம் முடிந்ததும் நடக்கும் உரையாடலுக்கும் அதற்குள்ளேயே நேரம் ஒதுக்க வேண்டும். மடுவத்துக் காட்சியில் கழிக்கப்பட்டது மூன்று கிலோவா, நான்கா என்பதை எழுதியவருக்குத் திருத்திச் சொல்லக்கூடியவர்கள் அங்கேதான் அமர்ந்திருப்பார்கள்.